ஈர மணல்

கோச்சிக்கு மணல் தின்னக் கொடுக்கிறவன் என்று
லயத்துப் பிள்ளைகள் என்னைச் சொல்லும்.
பொய்யில்லை.
நானுஓயா ஷெட்டின் பின்னால்
தகரம் போட்ட சூளையில்
ஆற்று மணலை வறுத்து, சலித்து, ஆறவைத்து
வாளி வாளியாய்
முப்பத்தோராம் நம்பர் எஞ்சினின்
நாலு பெட்டியிலும் கொட்டுவது என் வேலை.
டீசலும் எண்ணெயும் வேறு ஆட்கள் பொறுப்பு.

முப்பத்தொன்றுக்கு அழகென்று ஒன்றும் கிடையாது.
மூக்கில் பெயின்ட் உரிந்து
பச்சை, அதன்கீழ் மஞ்சள், அதன்கீழ் செங்காவி.
இடப்பக்கக் கதவுக்குக் கயிறுதான் பூட்டு.
விடியற்காலைக் குளிரில்
இழுப்புக்காரன் போல மூன்று தரம் இழுக்கும்,
நாலாவதில் ஊரே எழும்பும்.

கிழமைக்கு நாலு நாள்
பட்டிப்பொல ஏறி, ஒஹிய இறங்கி
இதல்கசின்ன வரை வெறும் வேகன்களோடு போகும்.
அங்கே டர்பன்டைன் மரங்களை
அறுத்து அடுக்கி வைத்திருப்பார்கள்,
வெட்டுவாயில் தைலம் மணக்க.
அதைச் சுமந்து திரும்பும்போதுதான் பாடு.
ஒஹியவிலிருந்து உச்சிச் சுரங்கம் வரை
ஏற்றம், வளைவு, மூடுபனி,
தண்டவாளத்தில் மசிந்த இலை,
சோப்புப் பூசின மாதிரி.
அந்த இடத்தில் டிரைவர் லொக்குபண்டா
மணல் பெடலை மிதிப்பார்.
நான் வறுத்தது குழாய் வழியே
சக்கரத்துக்கு முன்னால் ஒரு பிடி விழும்.
இரும்பு இரும்பைப் பற்றிக்கொள்ளும்.
நான் அங்கே இருப்பதில்லை.
அந்தப் பிடிக்கு மட்டும்
நான்தான் பொறுப்பு.

அது ஐப்பசி.
ஒன்பது நாள் விடாத மழை.
விறகு நனைந்து புகைந்ததே தவிர எரியவில்லை.
மணலை அள்ளிப் பிடித்துப் பார்த்தேன்.
கையை விரித்தேன்.
கொழுக்கட்டை மாதிரி நின்றது.
காய்ந்த மணல் அப்படி நிற்காது,
எனக்குத் தெரியும்.
கார்ட் சப்ரான் விசிலை வாயில் வைத்துவிட்டார்.
கொட்டிவிட்டேன்.

இரவு எட்டு மணிக்கு ஏற்றத்தின் நடுவில்
முப்பத்தொன்று நின்ற இடத்திலேயே ஓடியதாம்.
மிதித்தால் குழாயில் சேறு.
"வெலி கோ? வெலி கோ?" என்று
லொக்குபண்டா இருட்டைப் பார்த்துக் கத்தினாராம்.
மணல் எங்கேயும் போகவில்லை.
பெட்டி நிறைய இருந்தது.

வேகன்களை இரண்டாய்ப் பிரித்து
பாதியைப் பட்டிப்பொலயில் கொண்டுபோய் விட்டு
மறுபாதிக்குத் திரும்ப இறங்கி
மூன்று மணிக்கு நானுஓயா வந்து சேர்ந்தார்கள்.
லொக்குபண்டா ஏசவில்லை.
பிளேன்டீ கேட்டார். கொடுத்தேன்.
கிளாசில் பாதி சிந்தியது.
நடுங்கியது அவர் கையா என் கையா,
இப்போது சொல்லத் தெரியவில்லை.

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, சிங்களத்தில்.
சப்ரான் வாசித்துச் சொன்னார்.
மழை என்று எழுதுங்கள் என்றேன்.
என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு
மழை என்றே எழுதினார்.
அரைநாள் சம்பளம் வெட்டினார்கள்.
மழைக்கு ஒன்றும் வெட்டவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு, ஒருவருக்கும் சொல்லாமல்
ஒஹியவில் இறங்கிப் பாதையோடு நடந்தேன்.
தேடவே வேண்டியிருக்கவில்லை.
சக்கரம் நின்று சுழன்ற இடங்களில்
தண்டவாளம் குழிந்து கிடந்தது,
இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு.
விளிம்பில் நீலம்.
ஒன்றில் கட்டைவிரலை வைத்தேன்.
குளிர்ந்திருந்தது. வேறென்ன இருக்கும்.

முப்பத்தொன்று இன்னும் ஓடுகிறது.
ரேடியேட்டர் மாற்றினார்கள்,
கதவுக்குப் புதுக் கயிறு.
மழைக்காலத்துக்கென்று
ஆறு சாக்கு வறுத்த மணல்
என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.
மனைவி கேட்பதை நிறுத்திவிட்டாள்.

போன மாதம் மச்சான் வீட்டு விசேஷத்துக்கு
பதுளைக் கோச்சியில் போனேன், மூன்றாம் வகுப்பு.
எதிரே ஒருத்தி
பிள்ளைக்குக் கச்சான் உடைத்துக் கொடுத்தாள்.
பட்டிப்பொல தாண்டி இறங்கும்போது
டக். டக்டக். டக்.
ஒருவரும் நிமிரவில்லை.
அவள் மடியில் கச்சான் கோதுகள்
கொஞ்சம் துள்ளி
அடங்கின.